ஒரே பாஷை பேசிய இருவர்

இல்ஃபோர்ட் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாகச் சமைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை அடுப்படியை எட்டிப் பார்க்காதவள் நான். இங்கே வந்து வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு உருளைக்கிழங்கு மசித்தே பாதி ஆயுள் போய்விட்டது. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கடந்த ஜூலையிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டுவது வேறு விஷயம்.

சமையலறையில் என்னோடு வேலை செய்பவர் தாய்லாந்துக்காரர். என்னைவிட ஐந்து வயது கூட, அதனால் அவரை அக்கா என்பேன். சலவை அறையில் கம்போடியாவிலிருந்து வந்த ஒரு பெண் வேலை செய்தாள். நாற்பது வயது இருக்கும். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இருவருக்கும் தெரிந்த தமிழ் அந்த இரண்டு சொற்கள்தான். மூவரும் பேசிக்கொள்வது ஆளுக்கொரு மாதிரியான ஆங்கிலம். நினைத்துப் பார்க்கும்போது அது எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், தங்கச்சி வேலைக்கு வந்த முதல் நாள், துவைத்த ஏப்ரன்களைக் கட்டாகச் சுமந்து சமையலறைக்குள் வந்தவள் ஈரத் தரையில் வழுக்கி விழப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். கெட்ட வார்த்தையாக இருக்கவேண்டும். ஏனென்றால் அடுப்புக்கு முன் நின்ற அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார், பிறகு அதே பாஷையில் பதில் சொன்னார். தங்கச்சி கட்டைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவின் ஊர் தாய்லாந்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. பாஸ்போர்ட் தாய்லாந்துடையது, பள்ளிக்கூடத்தில் படித்தது தாய்லாந்துப் பாஷை. ஆனால் வீட்டில் பேசுவது கெமர். அதாவது கம்போடியாவின் பாஷை. அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் அப்படித்தானாம். லண்டனில் அந்தப் பாஷையைப் பேச ஆளில்லாமல் இருபது வருடம் இருந்தவருக்கு, சலவை அறையிலிருந்து ஒரு ஆள் வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு இருவரையும் பிரிக்க முடியாது. இடைவேளையில் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்கிற சலாட்டுக்கு மீன் ஊறல் எவ்வளவு போடவேண்டும் என்று ஒன்பது வருடமும் சண்டை பிடித்தார்கள். அக்காவின் அம்மா போனில் வந்தால் தங்கச்சியும் முகத்தை நீட்டுவாள். காது மந்தமான அந்த அம்மா கத்திக் கத்திப் பேசுவார். தங்கச்சியை மகளே என்று கூப்பிட்டு, புருஷனை விட்டது போதும், இன்னொருவனைப் பார் என்று புத்தி சொல்வாராம். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் பக்கத்தில் இருந்து சிரிப்பேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னக்கா?”

“ஊரில ஷெல் விழுகுது. அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறாங்களாம்.”

எல்லையில் பல வாரமாகப் பதற்றம் இருந்தது எனக்குத் தெரியும். சண்டையாக வெடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுச் சலவை அறைக்கு ஓடினேன். அக்காவைத் தேற்றத் தங்கச்சிதான் சரியான ஆள் என்று நினைத்தேன். அங்கே போனால் தங்கச்சியும் காதில் போனை வைத்தபடி நின்றாள். அவளுடைய தம்பி எல்லையின் மறுபக்கத்தில் இருக்கிறான். மனைவி பிள்ளைகளை உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு ஒரு விகாரைக்கு ஓடிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே விமானம் போகிற சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். என் கால் தானாகவே சுவரோரம் ஒதுங்கியது.

என் புத்திகெட்ட புத்தி, அவளைக் கையில் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முதலில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா எங்கே, தம்பி எங்கே என்று மாறி மாறிக் கேட்டார்கள். பிறகு அக்கா ஏதோ ஒரு வசனம் சொன்னார். தங்கச்சி கையை எடுத்துவிட்டாள். குரல்கள் உயர்ந்தன. பாஷை விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. யார் முதலில் சுட்டது என்ற கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அன்று காலை எல்லோருக்கும் டோஸ்ட்தான்.

எல்லையில் சண்டை ஐந்து நாளில் நின்றது. மலேசியாவில் கூடிப் பேசிப் போர்நிறுத்தம் என்றார்கள். எங்கள் இல்லத்தில்தான் நிற்கவில்லை. தங்கச்சி துவைத்த ஏப்ரன்களைச் சமையலறைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். அக்கா அவற்றைத் தொடாமல் நான் எடுத்து வரும்வரை பார்த்திருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் இடைவேளை எடுக்காதபடி நான் வேலை அட்டவணையைத் திருத்தி எழுதினேன். பிறகு அதுவும் பிழை என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் கோபித்தார்கள்.

அதைவிடக் கொடுமை, இருவரும் என்னை நீதிபதி ஆக்கியதுதான். நான் போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவள், ஆகவே எனக்கு நியாயம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அக்கா போனைக் கொண்டு வந்து எரிந்த கடை ஒன்றைக் காட்டுவார். “பாருங்கோ, இது சனம் போற கடை. ஆமி காம்ப் இல்லை. நீங்களே சொல்லுங்கோ.” அவர் போன பத்து நிமிடத்தில் தங்கச்சி தன் போனோடு வருவாள். “இது குண்டு விழுந்த ரோட்டு. என்ர தம்பி இந்த ரோட்டாலதான் ஓடினவன். நீங்களே சொல்லுங்கோ.” இரண்டும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் மற்றவரின் படத்தைப் பொய் என்றார்கள்.

அந்தக் கிழமைகளில் நான் கேட்காமலே கற்றுக்கொண்ட சரித்திரம் கொஞ்சமல்ல. எல்லையில் ஒரு மலை. மலை உச்சியில், ஆயிரம் வருடத்துக்கு முன் கெமர் அரசர்கள் கட்டிய சிவன் கோயில். கம்போடியாவைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது கீறிய வரைபடத்தில் அது கம்போடியாவுக்குள் விழுந்தது. தாய்லாந்து அந்த வரைபடத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அறுபது வருடத்துக்கு மேலாகிறது, சர்வதேச நீதிமன்றம் கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ப்புச் சொல்லி. கோயிலைச் சுற்றிய நிலத்துக்கு அதன் பிறகும் அடிபாடு. அந்த மலைத்தொடரில் இன்னும் சில கோயில்கள், அவற்றுக்கும் அடிபாடு. போதாததற்கு நடன உடுப்பு யாருடையது, குத்துச்சண்டை யாருடையது, ஏப்ரலில் வருகிற புது வருடம் யாருடையது என்று போனுக்குள் இன்னொரு போர்.

தங்கச்சி பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தாய்லாந்து நடிகை கம்போடியாவின் கோயில் தங்களுடையது என்று சொன்னதாக ஒரு வதந்தி பரவி, கம்போடியாவின் தலைநகரில் தாய்லாந்துத் தூதரகத்தை எரித்தார்கள். “அவ அப்பிடிச் சொல்லவே இல்லையெண்டு பிறகுதான் தெரிஞ்சது,” என்றாள். “அது பிழைதான். நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா அவங்கள் எதையாவது ஒத்துக்கொண்டவங்களோ?”

பிறகு அவள் சொன்ன கதையை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னே, கம்போடியாவின் கொலைகார ஆட்சியிலிருந்து தப்பித் தாய்லாந்துக்குள் ஓடிய ஆயிரக்கணக்கானவர்களைத் தாய்லாந்து ராணுவம் பஸ்களில் ஏற்றி அந்தக் கோயில் மலைக்குக் கொண்டுபோய், துப்பாக்கி முனையில் செங்குத்தான பக்கத்தால் கீழே இறக்கியது. கீழே மிதிவெடி. அவளுடைய அம்மாவின் அண்ணன் அதில் ஒருவர்.

“எங்கட அம்மா அந்த மலையின்ர பேரைச் சொல்லமாட்டா. ‘அண்ணை இறங்கின இடம்’ எண்டுதான் சொல்லுவா.”

இதை அக்காவிடம் சொன்னால் மனம் இளகும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ர சித்தப்பான்ர மகனுக்கு ஒரு கால் இல்லை. காட்டுக்குக் காளான் பிடுங்கப் போனவன். மிதிவெடி யார்ர எண்டு அவளிட்டக் கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடமிருந்து இன்னொரு கதை வந்திருக்கும்.

அக்கா மாறிக்கொண்டு வந்தார். அம்மாவோடு போனில் தாய்லாந்துப் பாஷையில் பேசத் தொடங்கினார். இடைவேளையில் எனக்குப் பக்கத்தில் இருந்துதான் பேசுவார். அந்தப் பக்கம் அம்மா கெமரில் கத்துவார், இந்தப் பக்கம் மகள் தாய்லாந்துப் பாஷையில் பதில் சொல்வார். “ஏனக்கா இப்பிடி?” என்று கேட்டேன். “நான் தாய்லாந்துக்காரி,” என்றார். “அங்க எங்கட ஊர்ச் சனத்தைப் பாத்து நீங்கள் யார்ர பக்கம் எண்டு கேக்கிறாங்களாம். என்னையும் கேக்கக்கூடாது.”

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சலவை அறைக்குப் போய்த் தங்கச்சிக்கு உபதேசம் செய்தேன். நானும் சண்டைக்குள் இருந்து வந்தவள்தான், சனத்துக்குச் சனம் பகை இல்லை, அக்கா உன்னை என்ன செய்தவ என்றெல்லாம். அவள் படுக்கை விரிப்பை மடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மேல் மாடி நர்ஸ் உங்கட நாட்டுக்காரிதானே?”

“ஓம். சிங்களம்.”

“எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறா?”

“ஏழு, எட்டு.”

“ஒருநாள் அவவோட இருந்து சாப்பிட்டிருக்கிறீங்களோ?”

நான் சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஒரு சித்திரைப் புத்தாண்டுக்கு அந்த நர்ஸ் ஒரு தட்டில் பாற்சோறு வெட்டி எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. அவர் தட்டை வைத்துவிட்டுப் போனார். அதை அக்காவும் தங்கச்சியும்தான் தின்று முடித்தார்கள். அவருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. அவர் என் வீட்டின் மீது குண்டு போடவில்லை. என்றாலும் அந்தத் தட்டுக்கு என் கை நீளவில்லை, ஏன் என்று இன்றுவரை ஒழுங்கான காரணம் சொல்லத் தெரியவில்லை. தங்கச்சி இதைக் கவனித்து ஞாபகம் வைத்திருந்தாள் என்பதுதான் எனக்குச் சுட்டது.

சுட்டும் நான் திருந்தவில்லை. ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேர். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். ஒருவருக்கு மற்றவர் வருவதைச் சொல்லவில்லை. அடிபடுவது சிவன் கோயிலுக்காக. அம்மன் சந்நிதியில் நின்றால் இருவருக்கும் மனம் இறங்கும் என்று ஒரு கணக்கு.

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். “உமக்கேன் இந்த வேலை? ரெண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் ஏலாததை நீர் தேரடியில நிண்டு செய்யப்போறீரோ?”

“நீங்கள் சும்மா இருங்கோ.”

“நான் சும்மாதான் இருக்கிறன். நீரும் இரும் எண்டுதான் சொல்லுறன்.”

அக்காவை எலிசபெத் லைன் ரயிலில் நானே கூட்டிக்கொண்டு போனேன். தங்கச்சியை மோர் கொடுக்கிற பந்தலடியில் நிற்கச் சொல்லியிருந்தேன். ரோட்டு முழுக்கச் சனம். தேங்காய் உடைத்த தண்ணீர் காலடியில் ஓடியது. காவடிகளுக்குப் பின்னால் தேர் அசைந்து வந்தது. அக்காவுக்கு முகம் மலர்ந்திருந்தது. பந்தலடியில் தங்கச்சியைக் கண்டதும் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

“இதுக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

தங்கச்சி மோர்க் கப்பைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். ஆனாலும் போகவில்லை. மூவரும் பந்தல் நிழலில் நின்றோம். அப்படியே ஒரு கால் மணி நேரம் நின்றிருந்தால் ஏதாவது நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற அண்ணை ஒருவர் வந்துவிட்டார்.

அவர் என் கணவரின் கூட்டாளி. பட்டு வேட்டி, திருநீறு, எல்லாம் தெரிந்தவர். இவர்கள் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

“ஆ, அந்தக் கோயில் சண்டை!” என்றார். பிறகு அவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். “நீங்கள் ரெண்டு பேரும் சும்மா அடிபடுறீங்கள். அது எங்கட சோழ ராசா கட்டின கோயில். எங்கட சிவன். நியாயப்படி ரெண்டு நாடும் அதைத் தமிழரிட்டைத் தரவேணும்.”

“நோ!” என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில், ஒரே குரலில். மோர் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்கட ராசா இல்லை,” என்றார் அக்கா. “அதைக் கட்டினது கெமர் ராசாக்கள். எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாளாச்சி கண் திறந்துவிட்டாள், இந்த அண்ணையின் வாயால் நல்லது நடந்துவிட்டது என்று நினைத்தேன். தங்கச்சி அக்காவை நேராகப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை அவரிடம் பேசினாள், எனக்கும் விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில்.

“கெமர் கட்டினது எண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்கள்.”

“கட்டினது கெமர்தான். என்ர அம்மாவும் கெமர்தான். அதுக்காக எங்கட நிலம் உங்கட நிலமோ?”

“அப்ப உங்கட அம்மா யார்ர பக்கம்?”

“அம்மாவை இதுக்குள்ள இழுக்காத!”

தங்கச்சி கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சனத்துக்குள் நடந்தாள். தேர் குறுக்கே வந்ததால் என்னால் பின்னால் போக முடியவில்லை. அண்ணை, “நான் என்ன பிழையாச் சொன்னனான்?” என்று என்னைக் கேட்டார். நான் சொன்ன பதிலைக் கோயில் வாசலில் சொல்லியிருக்கக்கூடாது. அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த பலன்.

செப்டம்பரில் தங்கச்சி மாற்றம் கேட்டு ரொம்ஃபோர்டில் உள்ள இன்னொரு இல்லத்துக்குப் போய்விட்டாள். கடைசி நாள் எனக்கு மட்டும் ஒரு சால்வை தந்தாள். சமையலறைக்குள் வரவில்லை, கதவடியில் நின்றே தந்தாள்.

டிசம்பரில் எல்லையில் சண்டை மறுபடி தொடங்கியது. இந்த முறை ஐந்து நாளில் நிற்கவில்லை, வாரக்கணக்கில் போனது. அக்காவின் அம்மாவை இரண்டாவது தடவையாக முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சீமெந்துத் தரையில் பாய், குளிர், ஏற்கெனவே நெஞ்சுச் சளி. ஒரு கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துவிட்டார். ஷெல் விழுந்து சாகவில்லை. சண்டையில் செத்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் வராது. அக்கா விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அழுகிற சத்தம் கேட்டது.

“என்னை மகளே எண்டு கூப்பிட்டவ,” என்றாள்.

“அக்காவுக்கு ஒரு போன் எடு. ஒரு சொல்லுப் போதும்.”

“ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“என்ர தம்பி இப்ப கூடாரத்தில இருக்கிறான். வீட்டுக் கூரை இல்லை. நான் அவவுக்கு ஆறுதல் சொன்னனான் எண்டு தெரிஞ்சா அவனுக்கு என்ன சொல்லுறது?”

“அவனுக்குச் சொல்லாத.”

“எனக்கு நான் சொல்லவேணுமே,” என்றாள்.

நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தேன். அவள் பேச்சில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அந்த அம்மாவுக்கு அவள் அழுதது உண்மை, அவளுடைய தம்பிக்குக் கூரை இல்லாததும் உண்மை. ஒரு சின்னப் போன் அழைப்பு இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப்போனது.

ஜனவரியில் அக்கா திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கரட் சீவிக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அவள் ஏதாவது சொன்னவளோ?”

மிகவும் கவலைப்பட்டாள், உங்களிடம் சொல்லச் சொன்னாள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் புண்ணியம் கிடைத்திருக்குமோ என்னவோ. எனக்கு அலுத்துவிட்டது. ஜூலையிலிருந்து இருவருக்கும் நடுவில் நின்று, இதை இப்படிச் சொல்லி அதை அப்படி மறைத்து, களைத்துப்போயிருந்தேன்.

“அழுதவள்,” என்றேன்.

“அழுதவளோ? அப்ப ஒரு போன் எடுத்திருக்கலாம்தானே.”

“நீங்களும் எடுத்திருக்கலாம். அவளின்ர தம்பியின்ர வீட்டுக்குக் கூரை இல்லை. கேட்டனீங்களோ?”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, தாயைப் பறிகொடுத்து வந்து நிற்கிறவரிடம் சொல்கிறேன் என்று. அக்கா கரட்டை வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றினார். வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குளிர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து வேலையைச் செய்தார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சூப்பை ருசி பார்த்துவிட்டு, “உப்புக் காணாது,” என்றார். நான் போட்டேன்.

இப்போது வேலைக்கு வேண்டியதைப் பேசுகிறோம். இரண்டாவது போர்நிறுத்தம் எப்படியோ நிற்கிறது. எல்லை மூடியே இருக்கிறது. தங்கச்சியின் தம்பி இன்னும் தன் ஊருக்குப் போகவில்லை என்று கேள்வி. அவளுக்கு இரண்டு தடவை மெசேஜ் போட்டேன். இரண்டு முறையும் பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. சலவை அறைக்குப் புதிதாக ஒரு போலந்துப் பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி, ஏப்ரன்களை உள்ளே கொண்டுவந்து அலுமாரியில் அடுக்கிவிட்டுத்தான் போவாள். அவள் வரும்போது அடுப்படியில் நிற்கிற அக்கா ஆங்கிலத்தில் தாங்க்யூ என்கிறார்.